கடலின் கிழமையும் கல்லூரியின் கிழமையும்

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) மாணவர்களுக்கு வியாழனும் வெள்ளியும் ஃபீல்டு ஒர்க், அதாவது களப்பணி, என்று டைம் டேபிள் போட்டாயிற்று, துறைத் தலைவர் கையெழுத்தும் ஆயிற்று. அந்தத் தாளோடு ராமநாதபுரம் கடற்கரைக்கு வந்தால் முதல் வாரமே உதைக்கும். ராமேசுவரத்தில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி மீன்வளத்துறையிடம் அனுமதி டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போகும். மறுநாள் காலை கரை பிடிக்கும். அப்படியானால் வியாழன் காலை மீன் இறங்கும் நேரம். ஆண்கள் துறைமுகத்தில் இருப்பார்கள். பெண்களில் பலர் ஏலத்துக்கும் மீன் தரம் பிரிக்கவும் போயிருப்பார்கள். வீடு வீடாகப் போகும் மாணவிக்குக் கதவைத் திறப்பது பாட்டியும் கைக்குழந்தையும்தான். வெள்ளி மதியம் வேதாளை, பெரியபட்டினம் பக்கம் போனால் ஜும்ஆ நேரம். இப்படி நாலு வாரம் கழிந்தபின் மாணவர் ரெக்கார்டில் எழுதுவது: “மக்கள் ஒத்துழைப்பு இல்லை.”

மக்கள் ஒத்துழைப்பில் குறை இல்லை. நாம் போன கிழமைதான் தப்பு.

இந்தக் கரையில் களப்பணியை நடத்தும் ஒருங்கிணைப்பாளர் ஜூன் மாதம் முதலில் செய்யவேண்டியது ஏஜென்சி (மாணவர்களைப் பயிற்சிக்கு அனுப்பும் நிறுவனம்) பட்டியல் அல்ல, நாட்காட்டி. வீட்டில் மாட்டும் தினசரி காலண்டரே போதும். திதி, பண்டிகை எல்லாம் அதில் இருக்கிறது. ஒரு சார்ட் தாளில் மாதம் ஒன்றுக்கு மூன்று வரி போடுங்கள். காற்று ஒரு வரி, நிலா ஒரு வரி, டோக்கன் நாள் ஒரு வரி. நான்காவதாக ஊர் வரி: திருவிழா, கந்தூரி, கொடியேற்றம், ரமலான், தவக்காலம். கல்லூரியின் இரண்டு நாளை இதன்மேல் வைத்துப் பார்த்தால் எந்த ஊருக்கு எந்த நாள் பொருந்தும் என்று தானாகத் தெரியும். துறையில் பேசி, ஒரு நாளையாவது நகர்த்தக்கூடிய நாளாக வாங்கிக்கொள்ள வேண்டும். “15 மணி நேரம் வாரத்துக்கு” என்பதுதான் கணக்கு. அது எந்தக் கிழமையில் என்பது பாடத்திட்டத்தில் இல்லை. இதைச் சொல்லிச் சண்டை போடலாம், போட வேண்டும்.

காற்று வரி ஏன் என்று கேட்பார்கள். இந்த மாவட்டத்துக்கு இரண்டு கடல். தொண்டி, திருப்பாலைக்குடி, தேவிபட்டினம் என்று மண்டபம் வரை வருவது பாக் விரிகுடா. மண்டபத்துக்குத் தெற்கே திரும்பி கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் என்று போவது மன்னார் வளைகுடா. கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும். வாடை வீசும்போது வடகடல். ராமேசுவரம் தீவில் நாட்டுப்படகுக்காரர்கள் காற்றுக்குத் தக்கபடி கரை மாறுவார்கள். தனுஷ்கோடிப் பக்கம் குடிசையே இடம் மாறும். ஜூலையில் ஒரு மாணவர் வரைந்த சமுதாய வரைபடத்தில் இருந்த இருபது வீடு டிசம்பரில் அங்கே இருக்காது. அதைப் பார்த்து மாணவர் பதறுவார். பதற வேண்டாம், அதுவே அவர் எழுதவேண்டிய செய்தி.

இனி பிளாக் பிளேஸ்மென்ட், அதாவது தொடர்ச்சியாக ஒரே இடத்தில் செய்யும் களப்பயிற்சி. கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகு எல்லாம் கரையில் கிடக்கும். ஆண்டு முழுவதும் கையில் கிடைக்காத ஆண்கள் ஊரில் இருக்கும் காலம் இதுதான். நம் பல்கலைக்கழகங்களுக்கோ அது தேர்வும் விடுமுறையும். ஆகவே முதலாண்டு முடிந்து வரும் 30 நாள் பிளாக் பிளேஸ்மென்ட்டை மே இரண்டாம் வாரத்தில் தொடங்கி ஜூன் இரண்டாம் வாரத்துக்குள் முடிப்பதுபோல் வைத்தால் இரண்டும் கைகோக்கும். ஒரு எச்சரிக்கை. தடைக்காலம் ஓய்வுக்காலம் என்று மாணவர்கள் நினைத்துக்கொண்டு வருவார்கள். படகை ஏற்றி மராமத்து பார்ப்பது, எஞ்சின் இறக்குவது, கல்யாணம், கடன், வேலை தேடி மேற்குக் கரைக்குப் போவது, குடி, அதனால் வீட்டுக்குள் அடி எல்லாம் ஒன்றாக வரும் இரண்டு மாதம் அது. நாட்டுப்படகுக்குத் தடை கிடையாது என்பதையும் மாணவர் தெரிந்துகொண்டு போகவேண்டும். “தடைக்காலத்தில் மீன் பிடிக்கிறீர்களே” என்று ஒரு நாட்டுப்படகுக்காரரிடம் கேட்டுவிட்டால் அந்தத் தெருவில் பிறகு தண்ணீர்கூடக் கிடைக்காது.

தண்ணீர் என்றதும் ஒன்று. பல ஊர்களில் நிலத்தடி நீர் உப்பு. குடிதண்ணீரை வண்டிக்காரரிடம் குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறார்கள். எட்டு மாணவர்கள் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு சொம்பு கேட்டால் அந்த வீட்டின் ஒரு குடம் போச்சு. ஆளுக்கு 2 லிட்டர் பாட்டில் கட்டாயம். ‘கொடுத்ததை மறுக்கக் கூடாது, ஆனால் கேட்கக் கூடாது’ என்று ஓரியண்டேஷனில் ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

மாணவர்களை எங்கே போடுவது? ராமநாதபுரம் நகரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, மகளிர் திட்ட அலுவலகம், ஒருங்கிணைந்த சேவை மையம் எல்லாம் இருக்கின்றன. கரையில் பள்ளிகள், மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள், தொழிற்சங்கங்கள், சில தொண்டு நிறுவனங்கள். பாம்பனில் மீனவர்களுக்கான கடல் ஓசை சமுதாய வானொலி உண்டு. பேசத் தெரிந்த மாணவருக்கு நல்ல இடம். மனிதவள மேலாண்மை எடுத்தவர்கள் “இங்கே கம்பெனியே இல்லையே சார்” என்பார்கள். மாரியூர் – வாலிநோக்கத்தில் தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் உப்பளம் இருக்கிறது. மீன், இறால் பதப்படுத்தும் இடங்கள் இருக்கின்றன. தொழிலாளர் நலம் என்றால் என்ன என்பதை ஏ.சி. அறையைவிட வெயிலில் உப்பு வாரும் பெண்ணின் காலைப் பார்த்தால் சீக்கிரம் புரியும்.

ஒரு ஊருக்கு இரண்டு பேர். ஒருவரைத் தனியாகப் போடக் கூடாது. நாலு பேர் போனால் சுற்றுலா ஆகிவிடும். இருவரில் ஒருவர் இந்த மாவட்டத்துக்காரராக இருந்தால் நல்லது, ஆனால் அவரைச் சொந்த ஊரில் போடாதீர்கள். அங்கே அவர் சமூகப்பணியாளர் ஆக முடியாது, இன்னாருடைய பேரன்தான். ஓர் ஆசிரியருக்கு எட்டு மாணவருக்கு மேல் போனால் மேற்பார்வை பெயருக்குத்தான். வாரம் ஒரு மணி நேரம் தனித்தனியாக ஐ.சி. (ஆசிரியரும் மாணவரும் மட்டும் உட்கார்ந்து பேசும் இண்டிவிஜுவல் கான்ஃபரன்ஸ்) பார்க்க வேண்டுமென்றால் எட்டு பேருக்கு எட்டு மணி நேரம். அதற்குமேல் யார் உட்காருவார்கள்?

கடிதம் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. ஏஜென்சிக்கு ஒன்று கொடுத்துவிட்டு முடித்துவிடுவது வழக்கம். இங்கே அது போதாது. ஊராட்சிக்கு ஒன்று, அங்கே தலைவர் இருந்தாலும் சரி, தனி அலுவலர் இருந்தாலும் சரி. கிராம நிர்வாக அலுவலருக்கு ஒன்று. பிறகு ஊரை உண்மையில் நடத்துபவருக்கு ஒன்று. அது ஊர்க் கமிட்டியா, ஜமாஅத்தா, பங்குத்தந்தையா என்பது ஊருக்கு ஊர் மாறும், சில ஊரில் இரண்டுக்கும் கொடுக்க வேண்டும், ஒரே நாளில் கொடுக்க வேண்டும். கடைசியாகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமக் காவல் நிலையத்துக்கு ஒரு பிரதி, மாணவர் படமும் கைபேசி எண்ணும் ஒட்டி. இலங்கைக்கு எதிரே இருக்கும் கரை இது. நோட்டும் கேமராவுமாகக் கடற்கரையில் நிற்கும் வெளியூர் இளைஞரை யாராவது விசாரிக்கத்தான் செய்வார்கள். அடையாள அட்டை கழுத்தில் தொங்கட்டும், ட்ரோன் பேச்சே வேண்டாம், மாலை 5 மணிக்குப் பிறகு கரையில் வேலை இல்லை. மண்டபத்தில் உள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமுக்குள் முன் அனுமதி இல்லாமல் போக முடியாது; அங்கே போட நினைத்தால் அனுமதி கைக்கு வரும்வரை அந்த மாணவருக்கு மாற்று இடம் ஒன்றைத் தயாராக வைத்திருங்கள். பாதி செமஸ்டர் காத்திருப்பதிலேயே போன கதைகள் எல்லாத் துறையிலும் உண்டு.

போக்குவரத்தும் சொல்லிவிடுகிறேன். பெண்களுக்கான ‘விடியல் பயணம்’ சாதாரண நகரப் பேருந்துக்குத்தான். ராமநாதபுரத்திலிருந்து ராமேசுவரம் ஏறத்தாழ 55 கி.மீ.; புறநகர்ப் பேருந்தில் டிக்கெட் எடுக்க வேண்டும். தொண்டிப் பக்கமும் அப்படியே. வீட்டில் காசு கேட்கத் தயங்கும் மாணவிதான் முதலில் களத்துக்கு மட்டம் போடுவார். அவரைச் சோம்பேறி என்று எழுதுமுன் பேருந்துச் செலவைக் கணக்குப் பாருங்கள். தனுஷ்கோடிப் பக்கம் கைபேசி சில சமயம் இலங்கைச் சிக்னலைப் பிடித்துக்கொள்ளும். ரோமிங்கை அணைத்துவைக்கச் சொல்லுங்கள். ரூரல் கேம்ப் நடத்தினால் கடலில் குளிக்கக் கூடாது என்பது விதிமுறைத் தாளின் முதல் வரியாக இருக்கட்டும், பெற்றோர் கையெழுத்தோடு.

முதல் மூன்று வாரம் எந்த நிகழ்ச்சியும் வேண்டாம். இதை ஏற்கவைப்பதுதான் கஷ்டம். மாணவருக்குப் படம் வேண்டும், ஏஜென்சிக்கும் படம் வேண்டும், துறைக்கு ஆண்டறிக்கை வேண்டும். விளைவு: பிளெக்ஸ் பேனர், விழிப்புணர்வுப் பேரணி, மரக்கன்று. உப்பு மணலில், தண்ணீர் விலைக்கு வாங்கும் ஊரில், ஆகஸ்ட் வெயிலில் மரக்கன்று! அடுத்த ஆண்டு மாணவர்கள் அதே குழியில் இன்னொன்று நடுவார்கள்.

மூன்று வாரம் என்ன செய்வது என்றால் பெயரும் முறையும் பழகுவது. கீழக்கரைப் பக்கம் மூத்த பெண் லாத்தா, மூத்த ஆண் காக்கா. மற்ற ஊர்களில் அக்கா, அண்ணே. பங்குத்தந்தையைச் ‘சாமி’ என்பார்கள். விசைப்படகு வேறு, நாட்டுப்படகு வேறு, வத்தை என்ற சிறு படகு வேறு, கரையிலிருந்து இழுக்கும் கரைவலை வேறு. இந்த வேறுபாடு தெரியாமல் ‘மீனவர் பிரச்சினை’ என்று ஒன்றை எழுத முடியாது. விசைப்படகுக்காரரும் நாட்டுப்படகுக்காரரும் ஒரே கடலில் ஒருவர்மேல் ஒருவர் குறை சொல்பவர்கள். பெண்களிடம் வருமானம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன் முன்பணம் யாரிடம் வாங்கியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். பிடித்ததை யாருக்கு விற்பது, என்ன விலைக்கு என்பதை அந்த முன்பணம்தான் முடிவு செய்கிறது.

பாசி எடுக்கும் பெண்களைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் எல்லா மாணவருக்கும் அவர்கள்மேல் ஒரு கண் உண்டு. பாம்பன் சின்னப்பாலம் முதல் கீழக்கரைப் பக்கம் வரை இந்தத் தொழில் உண்டு. விரல்களில் துணி நாடாவைச் சுற்றிக்கொள்வார்கள், பாறை கிழிக்காமல் இருக்க. கண்ணுக்குக் கண்ணாடி, காலுக்குக் கட்டை மாதிரி ஏதாவது, இடுப்பில் பை. மூச்சைப் பிடித்து மூழ்கிப் பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்து எடுப்பார்கள். கட்டக்கோரை, கஞ்சிப்பாசி என்று மற்ற வகைகளும் உண்டு. கயிற்றில் கட்டி வளர்ப்பது இன்னொரு பாசி. ஒரு குளிர்பான நிறுவனம் அந்த வளர்ப்பைக் கொண்டுவந்ததால் அதற்கு ஊரில் ‘பெப்சி பாசி’ என்றே பெயர். நீர் நன்றாக வத்தும் நாட்களில் விடியுமுன் போய் மதியம் தாண்டித்தான் திரும்புவார்கள். வந்ததும் உலர்த்த வேண்டும், சோறு ஆக்க வேண்டும். அன்று மாலை 4 மணிக்குச் சுயஉதவிக் குழுக் கூட்டம் வைத்தால் யார் வருவார்? அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற இறக்கம் பெரிது. அட்டமி, நவமிப் பக்கம் கடல் மந்தம். அட்டமி நவமியில் நல்ல காரியம் தொடங்காதே என்பார்கள். பாசிக்காரப் பெண்களோடு குரூப் ஒர்க் தொடங்க அதைவிட நல்ல நாள் கிடையாது.

இங்கே ஒரு பெரிய குழி இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அந்தப் பெண்களுக்கும் வனத்துறைக்கும் தகராறே அந்தத் தீவுகளை வைத்துத்தான். ‘பங்கேற்று உற்றுநோக்கல்’ என்று ஆய்வு முறை வகுப்பில் படித்துவிட்டு மாணவி அவர்களோடு படகில் ஏறித் தீவில் இறங்கினால் சட்டத்தை மீறியவர் ஆகிறார். அவர் எடுத்த படம் அந்தப் பெண்களுக்கு எதிராகவே பயன்படலாம். கடல் அட்டையும் அப்படித்தான். 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தடை. கொல்லைப்புறத்தில் காய்வதை மாணவர் பார்த்துவிடக்கூடும். அதைப் படம் எடுத்து, ஊர்ப்பெயரோடு ரெக்கார்டில் ஒட்டி, வைவாவில் எல்லோருக்கும் காட்டுவது ஒரு குடும்பத்தைப் பிடித்துக் கொடுப்பதற்குச் சமம். படகில் ஏறுவதில்லை, தீவில் இறங்குவதில்லை, பிடித்த பொருளைப் படம் எடுப்பதில்லை என்ற மூன்றும் எழுத்தில் இருக்கட்டும்.

ரெக்கார்டுக்கு வருவோம். பத்தில் எட்டு இப்படித்தான் வரும்: “வீட்டுக்குச் சென்றேன். அந்த அம்மா கவலையாக இருந்தார். ஆறுதல் கூறினேன். நல்லுறவு ஏற்பட்டது.” இதை வைத்து மேற்பார்வையாளர் எதைப் பேசுவது? அதே சந்திப்பு இப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: “மாலை 4.10. திண்ணையில் வலை பின்னிக்கொண்டிருந்தார். மகள் உள்ளே, வயது 13 என்றார். கதவு பாதி சாத்தியிருந்தது. பள்ளிக்கூடம் போகலையா அக்கா என்று கேட்டேன். ‘அவ வயசுக்கு வந்துட்டாள்ல’ என்றார், கை நிற்கவில்லை. மேலே என்ன கேட்பது என்று தெரியவில்லை. குழுக்கடன் பற்றிப் பேச்சை மாற்றினேன். மாற்றியிருக்கக் கூடாது.” எட்டு வரிகூட இல்லை. ஆனால் ஐ.சி.யில் ஒரு மணி நேரம் பேச இதில் இருக்கிறது: பள்ளி இடைநிற்றல், அடுத்து வரக்கூடிய குழந்தைத் திருமணம், பேச்சை மாற்றவைத்த மாணவியின் பயம். அன்றிரவே எழுதினால்தான் ‘கை நிற்கவில்லை’ என்பது நினைவிருக்கும். திங்கட்கிழமை விடுதியில் உட்கார்ந்து மொத்தமாக எழுதும்போது அது ‘கவலையாக இருந்தார்’ ஆகிவிடும். ஆங்கிலத்தில் எழுதச் சொல்வதாலும் இது நடக்கிறது. சந்திப்பைத் தமிழில் எழுதட்டும். பல்கலைக்கழகத்துக்கு வேண்டுமென்றால் சுருக்கத்தை மட்டும் ஆங்கிலத்தில் சேர்த்துக்கொள்ளட்டும்.

பெயரை மாற்றினால் அடையாளம் மறைந்துவிடும் என்று நினைப்பது இன்னொரு தவறு. ‘இலங்கைச் சிறையில் இருக்கும் கணவர், இரண்டு பெண் பிள்ளைகள், பேருந்து நிறுத்தத்து டீக்கடை’ என்று எழுதிவிட்டுப் பெயரை மட்டும் லட்சுமி என்று மாற்றி என்ன பயன்? இருநூறு வீட்டு ஊரில் அது யார் என்று குழந்தைகூடச் சொல்லும். பிடிபட்ட மீனவர் குடும்பங்களிடம் மாணவர்களை முதல் செமஸ்டரில் அனுப்பாமல் இருப்பதே நல்லது. கேமராவுக்கு முன் அழுது களைத்த வீடுகள் அவை. அனுப்பினால் கேள்வித்தாளோடு போகாமல் ஒரு வேலையோடு போகட்டும்: விண்ணப்பம் எந்த மேசையில் நிற்கிறது என்று மீன்வளத்துறை அலுவலகத்தில் விசாரித்து வருவது மாதிரி.

“ஐந்து கேஸ் முடிக்க வேண்டும்”, அதாவது ஐந்து பேரையோ குடும்பங்களையோ எடுத்து உதவி முடிக்க வேண்டும் என்ற விதியை எடுத்துவிடலாம். அது மாணவரை வேட்டைக்காரர் ஆக்குகிறது. முதலாண்டில் இரண்டு கேஸ், தொடக்கம் முதல் முடிவு வரை, போதும். 13 வார செமஸ்டரில் 26 களநாள்தான். மூன்று வாரம் பழக்கத்துக்கு, நான்கு வாரம் விடைபெறுவதற்கு என்று கழித்தால் மிச்சம் 12 நாள்.

சில விஷயங்களில் மாணவருக்கு விருப்பம் என்ற பேச்சே இல்லை. குழந்தைமேல் பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரியவந்தால் 2012 போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காமல் விடுவது 21ஆம் பிரிவில் குற்றம். ‘ஊர்க்கூட்டத்தில் பேசிக்கொள்கிறோம்’ என்று பெரியவர்கள் சொல்வார்கள், ஏஜென்சியும் ‘ஊரைப் பகைக்க வேண்டாம்’ என்று தயங்கும். அந்த அழுத்தத்தை இருபத்திரண்டு வயது மாணவி தனியாகச் சுமக்கக் கூடாது. அன்றே ஒருங்கிணைப்பாளருக்கு ஃபோன், அவர் நேரில் வந்து புகாருக்குத் துணை நிற்பது, 1098 வழியாகக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குத் தகவல். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று எந்தக் குழந்தைக்கும் வாக்குக் கொடுக்காதே என்பதைக் களத்துக்கு அனுப்புமுன் நடித்துக் காட்டிப் பழக்க வேண்டும். நோட்ஸாகக் கொடுத்தால் பதற்றத்தில் மறந்துபோகும்.

மனநோய் உள்ளவர்களைக் குடும்பத்தார் அழைத்துவந்து தங்கும் தர்கா இருக்கும் ஏர்வாடிக்கு இரண்டாமாண்டு மனநலப் பிரிவு மாணவர்கள் மட்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பற்றி, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். இப்போது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு சங்கிலியில் கட்டுவதை முழுக்கத் தடுக்கிறது. தர்காவில் மருந்தும் பிரார்த்தனையும் சேர்ந்த ‘தவா – துவா’ முறையில் மனநலச் சேவை கொடுக்கப்படுகிறது. மாணவர் அங்கே நம்பிக்கையை எதிர்த்து வாதாடப் போகவில்லை. உடன் தங்கியிருக்கும் தாயோ அண்ணனோதான் அவருடைய முதல் ஆள்: எத்தனை நாளாகத் தங்கியிருக்கிறார்கள், ஊரில் யார் பிழைப்பைப் பார்க்கிறார்கள், பழைய மருந்துச் சீட்டு இருக்கிறதா, மாற்றுத்திறனாளி அட்டை வாங்கியாயிற்றா, திரும்பிப் போனால் எந்த அரசு மருத்துவமனையில் மருந்து கிடைக்கும். இதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் அதுவே பெரிய வேலை. படம் எடுப்பது அறவே கூடாது. மாணவருக்கும் அன்று மாலை பேச ஆள் வேண்டும்; ஏர்வாடி மாணவர்களுக்கு வாராந்திர ஐ.சி. போதாது, ஒவ்வொரு களநாள் முடிவிலும் பத்து நிமிட ஃபோனாவது வேண்டும்.

ஏஜென்சி மேற்பார்வையாளர் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அவர் பத்து வேலை பார்ப்பவர். மாணவரை டேட்டா என்ட்ரிக்கு உட்காரவைப்பார். ஒப்பந்தத்தில் ‘அலுவலக வேலை வாரம் 3 மணி நேரத்துக்கு மேல் இல்லை’ என்று ஒரு வரி இருந்தால் சண்டை வராது. ஆசிரியர் செமஸ்டருக்கு இரண்டு முறையாவது நேரில் போக வேண்டும், ஒன்று சொல்லாமல்.

முடிவு பத்தாம் வாரமே தொடங்க வேண்டும். கடைசி நாளில் கேக் வெட்டிக் குரூப் ஃபோட்டோ எடுத்துவிட்டு மறைவதுதான் நடக்கிறது. திறந்த கேஸ் திறந்தபடி கிடக்கும். ஊருக்கு ஒரு கோப்பு வையுங்கள், துறையில் ஒரு பிரதி, ஏஜென்சியில் ஒரு பிரதி. போன ஆண்டு எடுத்த வீட்டுக் கணக்கெடுப்பு அதில் இருந்தால் இந்த ஆண்டு மாணவர்கள் அதே நூறு வீட்டில் அதே கேள்விகளைக் கேட்கமாட்டார்கள். ‘போன வருசமும் எழுதிட்டுப் போனீங்களே, என்ன வந்துச்சு’ என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் நிற்கவும் வேண்டாம். ஒவ்வொரு கேஸுக்கும் ஒரு பக்கம் போதும்: என்ன நடந்தது, எந்த அலுவலகத்தில் எந்தத் தேதியில் கொடுத்த மனு நிலுவையில் இருக்கிறது, அடுத்து யார் பார்ப்பார், அந்தக் குடும்பம் இதற்குச் சம்மதித்ததா. அந்தத் தாளோடு மாணவரும் ஏஜென்சி ஆளும் சேர்ந்து அந்த வீட்டுக்கு ஒருமுறை போய்வர வேண்டும், டோக்கன் நாளும் மீன் இறங்கும் நாளும் இல்லாத ஒரு நாளாகப் பார்த்து. ராமேசுவரம் என்றால் அது பெரும்பாலும் வெள்ளி காலை. போகிற வீடு வேதாளை என்றால் ஜும்ஆவுக்கு முன்பே போய்விட்டு வந்துவிடவேண்டும்.